நான் இருந்த ஊருக்கு மோட்டார்சைக்கிளில் போகிறவர்களுக்கு

தை 18, ஞாயிறு

பனி. ஒன்பது மணிவரை வரம்பே தெரியவில்லை. நெல் இன்னும் ஈரம், வெட்டு மெசின் இப்போதைக்கு வராது என்று இவருடைய முணுமுணுப்பு. தைக்க மூன்று சட்டை. பொத்தான் முடிந்துவிட்டது.

துளசியின் குரல் மெசேஜ். இவருடைய தம்பியின் மகள். ஜெர்மனியில் பிறந்தவள், மோட்டார்சைக்கிளில் தனியாக நாடு நாடாகச் சுற்றுகிறாள். துருக்கி, ஈராக் எல்லாம் தாண்டி இப்போது குவைத். அடுத்தது சவுதி, பிறகு ஓமான். ஓமானில் நான் வேலை செய்த அதே ஊருக்குப் போகிறாளாம்.

"பெரியம்மா, போற ஊர் ஒவ்வொண்டுக்கும் நான் ஒரு வழிகாட்டி எழுதிப் போடுறனான். பைக்கில வாற ஆக்களுக்கு. எங்க தங்கிறது, என்ன சாப்பிடுறது, என்ன பாக்கிறது. இந்தச் சின்ன ஊரைப் பற்றி இன்ரநெற்றில ஒண்டுமே இல்லை. நீங்கள் நாலு வருசம் இருந்தனீங்கள்தானே. நீங்களே எழுதித் தாங்கோ."

ஓம் பிள்ளை என்று திருப்பி அனுப்பிவிட்டேன். ஏன் அனுப்பினேன்?

கவி வாசலில் சீப்பால் தலை இழுத்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். "அம்மாவுக்கு அந்த ஊர் தண்ணி பட்ட பாடு," என்றாள். மகள் நல்ல விதமாகச் சொன்னாளா, குத்திச் சொன்னாளா? இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் குரலில் எனக்கு இன்னும் பிடிபடாத இடங்கள் உண்டு.

தை 19, திங்கள்

எழுத இருந்தேன். கொப்பியும் பேனையும். எனக்கு உண்மையாகவே தெரிந்தவை:

– குசினி யன்னல். தெரிவது: தண்ணீர்த் தாங்கி, மதில், மதிலுக்கு மேலே ஒரு பேரீச்சையின் தலை.

– மொட்டைமாடி. துணி காயப்போடுகிற இடம். அங்கிருந்து மண்நிற மலை மூன்று, ஒரு பள்ளிவாசல், தூரத்தில் ஒரு வட்டச் சந்தி. சந்தி நடுவில் வீட்டளவுக்குக் கோப்பிக் கேத்தல் ஒன்று கட்டி வைத்திருந்தார்கள்.

– கார். வெள்ளிக்கிழமைகளில் நான் வேலை செய்த வீட்டுக்காரரின் தோட்டத்துக்கு. பின் சீற்றில் நான், மடியில் அவர்களின் குழந்தை மர்யம். கண்ணாடி கறுப்பு. அதனால் அந்த ஊர் எனக்கு எப்போதும் பொழுதுபடும் மைம்மல் நேரமாகத்தான் தெரிந்தது.

– பல் பிடுங்கப் போன ஆஸ்பத்திரி. ஒரே ஒரு தடவை.

அவ்வளவுதான். நாலு வருடம். திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். ஐந்தாவது ஒன்று வரவில்லை.

பின்னேரம் கவி பக்கத்தில் வந்து இருந்தாள். "நான் ரைப் பண்ணித் தாறன், நீங்கள் சொல்லுங்கோ. கோட்டையில இருந்து துவங்குவம். பிறகு கடைத்தெரு. பிறகு ஒட்டகம்."

தலையிடி என்று சொல்லி எழும்பிவிட்டேன்.

தை 21, புதன்

காலையில் தூறல். காயப்போட்ட மிளகாயை ஓடிப்போய் எடுத்தேன். பாதி நனைந்துவிட்டது.

ஒட்டகம். கவிக்கு அப்போது எட்டு வயது. வீடு அத்திவாரத்தோடு நின்றது, நாங்கள் தறப்பாள் கொட்டிலில் இருந்தோம், நான் போனேன். மாதத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் போன் தருவார்கள். பிள்ளை போனில் அழும். அழாமல் பண்ண என்னிடம் வேறென்ன இருந்தது? "இண்டைக்கு அம்மா ஒட்டகத்தில ஏறினவ, தெரியுமே?" அழுகை டக்கென்று நின்றது. அடுத்த மாதம் கோட்டை. அதற்கடுத்தது கடைத்தெரு, வெள்ளிச் சலங்கை, பச்சை அல்வா. பள்ளிக்கூடத்தில் 'என் அம்மா பார்த்த பாலைவனம்' என்று கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கினாள். சான்றிதழ் இன்னும் அலுமாரிக்குள்.

குழப்பம் அதுவல்ல. கோட்டையை நான் பார்த்ததாகவே இருக்கிறது. படிகள். சுவரில் கை வைத்தால் சூடு. ஒரு சின்ன மரக் கதவு, குனிந்துதான் போக வேண்டும். இவ்வளவும் ஞாபகம் இருக்கிறது. நான் போகவில்லை என்பதும் தெரியும். அப்படியென்றால் அந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

குசினிக் கலண்டரில் ஒரு கோட்டைப் படம் இருந்தது. அதுவாக இருக்கலாம்.

துளசி சவுதிக்குள் வந்துவிட்டாள். மணல் மேட்டில் மோட்டார்சைக்கிள் சரிந்த படம் அனுப்பியிருக்கிறாள். சிரிக்கிறாள்.

தை 22, வியாழன்

இவரைக் கேட்டேன், ஒட்டுசுட்டானில் இருக்கிற செல்வராசுவின் நம்பர் உங்களிடம் இருக்கிறதா என்று.

செல்வராசு அந்த ஊரில் தண்ணி பவுசர் லொறி ஓட்டியவர். மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய ஆட்கள். செவ்வாய்க்கிழமை தோறும் எங்கள் வீட்டுத் தாங்கிக்குத் தண்ணீர் இறைக்க வருவார். அந்த இருபது நிமிடம்தான் கிழமையில் எனக்குத் தமிழ். நான் முரசுமோட்டை, அவர் ஒட்டுசுட்டான் என்று தெரிந்த அன்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு! பிறகு இங்கே வந்து பத்து வருடம், ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை. ஏனோ வெட்கம்.

போன் எடுத்தேன். சனிக்கிழமை வரச் சொன்னார்.

தை 24, சனி

ஸ்கூட்டியில் போனேன். புதுக்குடியிருப்பு வழி கிட்ட. ஆனால் மாங்குளத்தில் ஒரு சட்டை கொடுக்க இருந்ததால் ஏ-ஒன்பது றோட்டால் சுற்றினேன். பரந்தன் தாண்டக் கட்டாக்காலி மாடுகள் நடுறோட்டில் படுக்கை. பின் சில்லுக்குக் காற்றுக் குறைவு. மாங்குளத்தில் தேத்தண்ணி. பக்கத்து மேசையில் இரண்டு பேர்:

"வாழை முழுக்கப் போச்சு."

"எத்தினை யானை வந்தது?"

"ஒண்டுதான். ஒண்டு காணாதே?"

காட்டோரம் செல்வராசுவின் வீடு. முற்றத்தில் பவுசர் பூட்டிய ட்ரக்டர். இங்கேயும் தண்ணீர்தான் ஓடுகிறார். தலை நரைத்துவிட்டது. "வாங்கக்கா, வாங்க. ஒரு வழியா வந்துட்டீங்க!" மனைவி பிளேன்ரீயும் பனங்கட்டியும் வைத்தார்.

விஷயத்தைச் சொன்னேன். ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து மடியில் வைத்துப் படம் கீறினார். வட்டச் சந்தி. பெற்றோல் செட். மலையாளத்துக்காரரின் சாப்பாட்டுக் கடை, மேலே வாடகை அறை. சில்லு ஒட்டுகிற கடை. கோட்டை ஊரின் மறுபக்கமாம். நான் சொன்ன படி, மரக் கதவு எதுவும் அங்கே இல்லையாம். "அது வேற ஊர்க் கோட்டையா இருக்கும்க்கா."

பிறகு ஒரு சதுரம் கீறி, "இது உங்க வீடு," என்றார். அதற்குப் பின்னால் ஒரு கோடு. "இது கடைத்தெரு."

"எது?"

"உங்க வீட்டுப் பின் மதிலுக்கு அங்கிட்டு. ஒரு ஒழுங்கை. நடந்தா ரெண்டு நிமிசம். நம்ம நாட்டுப் பொம்பளைங்க வெள்ளிக்கெழம பின்னேரம் அங்கதான் கூடுவாங்க. நீங்க மட்டும் வரவே மாட்டீங்க. ஏங்க்கா?"

"கேற் பூட்டித்தானே இருக்கும்."

அவர் பேனையை அட்டையிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பூட்டா? அந்தக் கேற்றுக்குப் பூட்டே இல்லையேக்கா. நானே வெளியில இருந்து கொளுவியைத் தூக்கிட்டுத்தானே உள்ளுக்கு வருவேன்."

அங்கே பவுசரின் கோர்ன் கேட்டதும் நான் பின்பக்கம் தாங்கி மூடியைக் கழற்றப் போவேன். திரும்பி வந்தால் பவுசர் உள்ளே நிற்கும். கேற்றை யார் திறந்தது என்று நாலு வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கூட நான் யோசிக்கவில்லை.

பனங்கட்டி வாயில் கரையாமல் கிடந்தது.

வரும்போது எந்த வழியாக வந்தேன் என்று எழுத நினைத்தேன். ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தை 25, ஞாயிறு

வெயில். வெட்டு மெசின் நாளை மறுநாள் வருமாம்.

வேலைக்குப் போன முதல் நாள் நடந்தது. வீட்டுக்காரி என்னை முற்றத்தில் நிறுத்தினார். (அங்கே வீட்டுக்காரியை 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும். அம்மா என்று அர்த்தம். முதல் கிழமை எனக்கு அந்தச் சொல்லே வாயில் வரவில்லை.) கேற்றை விரலால் காட்டினார். "சக்ரி, சக்ரி," என்றார். கண்ணை உருட்டினார். நான் தலையாட்டினேன். வெளியே போகக் கூடாது. அப்படித்தான் விளங்கியது.

பிறகு பாஷை கொஞ்சம் வந்தது. சக்ரி என்றால் மூடு. யன்னலுக்கும் அதைத்தான் சொல்வார், குளிர்சாதனப் பெட்டிக்கும் அதைத்தான். அயலில் ஆடுகள் நிறைய. போகும்போது மூடிவிட்டுப் போ என்று சொன்னாரா? போகாதே என்று சொன்னாரா? சொல் தெரிந்த பிறகும் ஏன் நான் திரும்பிப் போய்க் கேற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை?

என் பாஸ்போட் அவருடைய அலுமாரியில் இருந்தது. அதுவும் உண்மை. அப்போ பூட்டு கேற்றில் இல்லை, அலுமாரியில். இப்படி எழுதினால் சரி போல இருக்கிறது. வாசித்தால் சரியாக இல்லை.

சோறு அடிப்பிடித்துவிட்டது. இவர் கருகாத மேல்சோற்றை எடுத்துச் சாப்பிட்டார்.

தை 28, புதன்

மெசின் வந்து போய்விட்டது. வீடெல்லாம் வைக்கோல் தூசி, தும்மல்.

கவி கொப்பியைப் பார்த்துவிட்டாள். தையல் மெசினுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, இதில ஒட்டகம் இல்லை."

"இல்லை."

"கோட்டை?"

"கலண்டரில பார்த்தது."

"கடைத்தெரு?"

"வீட்டுக்குப் பின்னால இருந்ததாம். சனிக்கிழமைதான் எனக்கே தெரியும்."

காலை மெசினில் இருந்து எடுத்தேன். சத்தம் நின்றதும் மோசமாக இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். போன், பத்து நிமிடம், அவளுடைய அழுகை. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நூல்கட்டையைப் பார்த்தேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்:

"எனக்கு டெங்கு வந்து கிளிநொச்சி ஆஸ்பத்திரியில ஒரு கிழமை கிடந்தனான். பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குத் தாய் இருந்தவ. எனக்கு அப்பா. நீங்கள் ஒட்டகத்தில போறீங்கள், அல்வா சாப்பிடுறீங்கள் எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தன். அங்க சந்தோசமாய் இருக்கிறீங்கள், அதாலதான் வரேல்லை எண்டு. அந்தக் கோவம் இண்டைக்கும் இருக்கு. உங்களுக்குத் தெரியுமே?"

கோபம் தெரியும். பத்து வருடமாகத் தெரியும். விட்டுவிட்டுப் போனதற்கான கோபம் என்று நினைத்திருந்தேன். அழுகையை நிறுத்திய பொய்க்கான கோபம் என்று தெரியாது.

கேற்றையும் சொன்னேன்.

"அப்ப நீங்கள் போயிருக்கலாமே!"

"எங்க?"

கவி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு மணித்தியாலம் கழித்து வந்தாள். மெசின் மேல் ஒரு பை. பொத்தான், மூன்று அளவில்.

தை 30, வெள்ளி

எழுதி முடித்தேன். கவி ரைப் பண்ணினாள். ஒரு சொல்லும் மாற்றவில்லை. பிரதி:

"நான் இந்த ஊரில் நாலு வருடம் ஒரு வீட்டில் வேலை செய்தேன். ஊரை அதிகம் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெயிலில் விட்டுவிட்டுப் போனால் சீற் சுடும். நிழல் இல்லாவிட்டால் ஈரத் துணி போடுங்கள். துணி துவைத்தால் பதினைந்து நிமிடத்தில் காயும், ஆனால் காற்று எழும்ப முன் எடுத்துவிட வேண்டும். காற்று மத்தியானத்துக்குப் பிறகு மலைப்பக்கம் இருந்து வரும். வருவதற்கு முன் வானம் தேத்தண்ணி நிறமாகும். அப்போது ஓடாதீர்கள், எங்கேயாவது ஒதுங்குங்கள். குழாய்த் தண்ணீர் உப்பு. பவுசரில் வருவது குடிக்கலாம். வெள்ளி காலையில் பாண் கிடைக்காது, வியாழனே வாங்கி வையுங்கள். தை மாதத்தில் விடியப்புறம் நல்ல குளிர், கையுறை வேண்டும்.

வட்டச் சந்தியில் ஒரு பெரிய கோப்பிக் கேத்தல் இருக்கிறது. அதைப் பார்த்தால் ஊர் வந்துவிட்டது.

தங்குமிடம், பெற்றோல், சில்லு ஒட்டும் கடை: அங்கே பவுசர் ஓட்டிய ஒருவர் கீறித் தந்த படத்தில் இருக்கிறது.

கோட்டையைப் பார்த்துவிட்டு எனக்கும் சொல்லுங்கள்."

கடைசி வசனத்தை வெட்டுவோமா என்று கேட்டேன். "வேண்டாம், இருக்கட்டும்," என்றாள்.

மாசி 6, வெள்ளி

துளசி போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த ஊரில். மெசினில் ஊசி இரண்டு முறிந்தது.

குரல் மெசேஜ் நாலு:

ஒன்று. "பெரியம்மா, துணி பதினைஞ்சு நிமிசத்தில காய்ஞ்சிட்டுது! நான் மணிக்கூடு வச்சுப் பாத்தனான்!"

இரண்டு. கோட்டையைத் திருத்துகிறார்களாம். சாரம் கட்டி மூடியிருக்கிறதாம். உள்ளே விடவில்லை.

மூன்று. சந்தியில் இருப்பது கோப்பிக் கேத்தல் இல்லையாம். சாம்பிராணிச் சட்டியாம். படம் அனுப்பியிருக்கிறாள். உண்மைதான், மூக்கே இல்லை. மொட்டைமாடியில் இருந்து நாலு வருடம் ஒவ்வொரு நாளும் பார்த்தேன். அதற்கு ஒரு மூக்கு இருந்தது. சத்தியம் பண்ணுவேன்.

நாலு. "கவி அந்தக் கீறின படத்தில ஒரு வீட்டை வட்டம் போட்டு அனுப்பினவ. நீலக் கேற் எண்டு. நீங்கள் இருந்த வீடாம். நான் போகட்டோ? நீங்கள் சொன்னால்தான் போவன்."

கவியைக் கூப்பிட்டேன். "என்னைக் கேக்காமல் ஏன் அனுப்பினனி?"

"கேட்டால் வேண்டாம் எண்டுவீங்கள்."

"ஓம். எண்டிருப்பன்."

"அதுதான்."

துளசிக்குப் பதில் போடவில்லை. கத்தரிக்காய் வெட்டினேன். அளவுக்கு மேல் வெட்டிவிட்டேன்.

மாசி 7, சனி

மர்யத்துக்குப் பதினாலு வயது இருக்கும். நான் போகும்போது பிறந்து நாற்பது நாள். வரும்போது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை, இரண்டு பேர் பிடித்து எடுத்தார்கள். அந்தப் பிள்ளைக்கு அல்வா பிசைந்து ஊட்டிய கையால்தான் கவிக்கு போன் பிடித்தேன். இதைக் கவிக்குச் சொல்லவில்லை. சொல்வேனா தெரியாது.

பதில் போட்டேன்: "போ பிள்ளை. உள்ளே போகாதே. கேற்றை மட்டும் படம் எடு."

மாசி 8, ஞாயிறு

நல்ல வெயில். நெல் காயப்போட்டது. காகம், மயில் இரண்டும் வந்தன.

பின்னேரம் நாலரைக்கு வீடியோ கோல். நான் கேட்டது படம், வந்தது கோல். துளசி கேற்றடியில். கேற் இப்போது நீலம் இல்லை, மண்ணிறம், கரண்டில் திறப்பதாம். "படம் எடுக்கேக்க ஒரு பிள்ளை வெளியில வந்திட்டா பெரியம்மா. மர்யம் எண்டு பேர்."

நெடுத்த பிள்ளை. பல்லுக்குக் கம்பி. என்னை மரியாதையாகப் பார்த்தாள். ஹலோ சொன்னாள். தெரியவில்லை, அவளுக்கு என்னைத் தெரியவில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன ஞாபகம் இருக்கும்? நானும் தெருவில் கண்டால் தாண்டிப் போயிருப்பேன்.

பிறகு மாமா, அந்த வீட்டுக்காரி, வந்தார். கிழண்டு போனார். "சாரா!" என்றார். அங்கே என் பெயர் சாரா, என் பெயர் அவர்களின் வாய்க்குள் நுழையவில்லை. ஒரே சந்தோசம், கண்ணெல்லாம் தண்ணீர், அரபியில் கொட்டினார். எனக்கு ஒரு சொல் பிடிபட்டால் பத்துச் சொல் நழுவியது. மர்யம் அதை ஆங்கிலத்தில் சொல்ல, துளசி தமிழில் சொன்னாள்.

நான் துளசியிடம் சொன்னேன், "கேற் பூட்டி இருந்ததோ எண்டு கேள்."

கேள்வி இரண்டு பாஷை தாண்டிப் போனது. திரும்பி வந்தது: "எந்தக் கேற் எண்டு கேக்கிறா."

"இந்தக் கேற். அப்ப. நான் இருந்த நேரம்."

மாமா கேற்றைத் திரும்பிப் பார்த்தார். துளசி சொன்னாள், "பூட்டினதாய் ஞாபகம் இல்லையாம். உங்களுக்கு வெளியில போக விருப்பம் இல்லை எண்டு நினைச்சவையாம். எங்கட சாரா மாதிரி அடக்கமான ஆள் கிடைக்காது எண்டு இப்பவும் எல்லாருக்கும் சொல்லுறவவாம்."

எனக்குப் பின்னால் நின்ற கவி போனுக்குள் தலையை நீட்டினாள். "அப்ப பாஸ்போட்டை ஏன் வாங்கி வச்சிருந்தவ எண்டு கேளுங்கோ, துளசியக்கா."

துளசி கேட்டாள். மர்யம் தாயைப் பார்த்தாள். துளசியைப் பார்த்தாள். பிறகு நிலத்தை.

"மொழிபெயர்க்கிறா இல்லை," என்று துளசி மெதுவாகச் சொன்னாள்.

மாமாவுக்கு நடப்பது ஒன்றும் தெரியாது. போனை வாங்கி முகத்துக்குக் கிட்டப் பிடித்தார். "சாரா, தஆலி," என்றார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். வா. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை கேட்ட சொல். வந்து பார்த்துவிட்டுப் போ என்று அன்பாகத்தான் கூப்பிட்டார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

"ஹாதிர், மாமா," என்றேன். இதோ வந்தேன். நான் சொல்லவில்லை, வாய் சொன்னது.

லைன் அறுந்தது.

கவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கதிரையை இழுத்து எனக்குப் பின்னால் வைத்தாள்.

"இருங்கோ அம்மா. அந்த மனிசி வந்ததில இருந்து எழும்பி நிக்கிறீங்கள்."

இருந்தேன்.